மூச்சுப்பயிற்சி பண்ணா மனசு ஏன் அடங்குது? ஆக்ஸிஜன் காரணம் இல்லங்க

யூட்யூப்ல எந்த மூச்சுப்பயிற்சி வீடியோவ தொறந்தாலும் முதல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள இந்த வரி வந்துரும்: "ஆழமா இழுங்க, மூளைக்கு நிறைய ஆக்ஸிஜன் போகும், மனசு தெளிவாகும்." பயிற்சி நல்ல பயிற்சி தான், பலனும் ஓரளவு உண்மை தான், ஆனா அவங்க சொல்ற காரணம் தப்பு. காரணம் எதுவா இருந்தா என்ன, பலன் கிடைச்சா போதாதான்னு கேப்பீங்க. போதாதுங்க. அந்தத் தப்பான காரணத்த நம்பித்தான் பாதி பேரு நெஞ்சு புடைக்கப் புடைக்க காத்த இழுத்து, தலை சுத்தி, "இதெல்லாம் நமக்கு செட் ஆகாது"ன்னு ரெண்டு மூணு நாள்ல மூட்டை கட்டிடுறாங்க.

கொரோனா சமயத்துல வாங்கி பீரோல போட்ட ஆக்ஸிமீட்டர் இருந்தா எடுத்து விரல்ல மாட்டிப் பாருங்க. நுரையீரல் நல்லா இருக்குற ஆளுக்கு சும்மா உக்காந்திருக்கும்போதே 97, 98ன்னு காட்டும். இப்ப ஒரு அஞ்சாறு தடவை நெஞ்சு நிறைய இழுத்து விட்டுட்டுப் பாருங்க, மிஞ்சிப்போனா 99. அவ்ளோதான். ரத்தத்துல ஆக்ஸிஜன சுமக்குற ஹீமோகுளோபின்ல ஏற்கனவே கிட்டத்தட்ட முழுசா ஏறியாச்சு, இன்னும் ஏத்துறதுக்கு பெருசா இடமே இல்ல.

மூளை நம்ம உடம்பு எடையில 2 சதவீதம் தான் இருக்கும், ஆனா உடம்பு செலவு பண்ற ஆக்ஸிஜன்ல 20 சதவீதத்த அதுவே எடுத்துக்கும், அது உண்மை. ஆனா மூளைக்கு எவ்ளோ போகுதுங்கிறத முடிவு பண்றது அங்க ஓடுற ரத்தத்தோட அளவு, அந்த அளவ கூட்டிக் குறைக்கிறதுல பெரிய கை கார்பன் டை ஆக்ஸைடுக்கு. ஸ்கூல்ல இத கழிவு வாயு, வெளிய தள்ள வேண்டிய ஐட்டம்னு மட்டும் சொல்லிக்குடுத்து விட்டுட்டாங்க. உண்மையில அது ரத்தத்துல ஒரு குறிப்பிட்ட அளவு இருந்தே ஆகணும், 35ல இருந்து 45 மில்லிமீட்டர் மெர்க்குரி (அழுத்தத்த அளக்குற அலகு) வரைக்கும், சராசரியா 40னு வச்சுக்கங்க. வேகவேகமா பெருசு பெருசா மூச்சு விட்டா இது மளமளன்னு கொறையும், கொறைஞ்சா மூளையோட ரத்தக்குழாய் சுருங்கும். 40ல இருக்குறது 20க்கு வந்துச்சுன்னா மூளைக்குப் போற ரத்தம் கிட்டத்தட்ட பாதியாயிரும். போதாததுக்கு, 1904ல டென்மார்க்கச் சேர்ந்த கிறிஸ்டியன் போர் கண்டுபிடிச்ச இன்னொரு விஷயம் இருக்கு (அணு மாடல் போட்ட நீல்ஸ் போரோட அப்பா தான் இவரு): கார்பன் டை ஆக்ஸைடு கொறைஞ்சா ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன இறுக்கிப் பிடிச்சுக்கும், லேசுல இறக்கி விடாது. ஆக மூளைக்கு ஆக்ஸிஜன் குடுக்குறோம்னு நெனச்சு நாம புஸ்ஸு புஸ்ஸுன்னு இழுக்க, அங்க வரத்து கொறையுது. தலை கிறுகிறுக்குறத சில பேரு "எனர்ஜி ஏறுது"ன்னு வேற சொல்லுவாங்க, அது எனர்ஜி இல்ல.

இது நடக்குறத நேர்ல பாக்கணும்னா மே மாசம் நீட் எக்ஸாம் சென்டர் வாசல்ல நின்னா போதும். ஒன்றரைக்கு கேட் மூடிருவாங்க, வெயில் மண்டையப் பொளக்குது, ஒரு பொண்ணு அப்பா தோளப் புடிச்சுக்கிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிட்டு நிக்கும். அந்த அப்பா பாவம், அவருக்குத் தெரிஞ்சத சொல்லுவாரு, "நல்லா மூச்ச இழும்மா, இன்னும் இழு, ஒண்ணும் இல்ல." அந்தப் பொண்ணு இழுக்கும். இன்னும் இழுக்கும். உதட்டச் சுத்தி மரத்துப்போகும், விரல் நுனி குறுகுறுன்னு ஊசி குத்துற மாதிரி ஆகும், கொஞ்ச நேரத்துல கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ள மடங்கி மத்த விரலெல்லாம் விறைச்சுக் குவிஞ்சு நிக்கும். பாக்குறவங்க வலிப்புன்னு அலறுவாங்க, யாராச்சும் கையில சாவியக் குடுக்க ஓடி வருவாங்க. வலிப்பு இல்லங்க அது. கார்பன் டை ஆக்ஸைடு கொறைஞ்சதுல ரத்தம் காரத்தன்மை பக்கம் சாஞ்சு, அதனால ரத்தத்துல வேலைக்கு ஆகுற கால்சியம் கொறைஞ்சு, நரம்பு தானா துடிக்க ஆரம்பிச்சிருக்கு. அந்த இடத்துல விஷயம் தெரிஞ்ச ஒரு நர்ஸக்காவோ டீச்சரோ இருந்தா முன்னாடி வந்து உக்காந்து வேற மாதிரி சொல்லுவாங்க: "பாப்பா, இழுக்காதடா. என்னைப் பாத்துட்டே மெதுவா ஊதி விடு. இன்னும் விடு. அவ்ளோதான், அவசரமே இல்ல." கொஞ்ச நேரத்துல விரல் விரியும். பேப்பர் கவர மூக்குல வச்சு ஊதச் சொல்ற பழைய வைத்தியத்த இப்ப டாக்டருங்க சொல்றதில்ல, ஏன்னா அது ஆஸ்துமாவாவோ இதயப் பிரச்சனையாவோ இருந்துச்சுன்னா கவர் ஆளையே கவுத்துரும். முதல் தடவை இப்படி வந்தா டாக்டர்ட்ட காட்டிடுறது தான் சரி.

அப்ப நிஜமா மனச அடக்குறது எது? ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. இடது மணிக்கட்டுல, கட்டைவிரல் பக்கமா, வலது கையோட ரெண்டு விரல வச்சு நாடி புடிங்க. துடிப்பு தெரிஞ்சதும் மெதுவா, ஒரு நாலஞ்சு செகண்டுக்கு மூக்கு வழியா இழுங்க, அப்புறம் ஆறேழு செகண்டுக்கு விடுங்க. கண்ண மூடிட்டு நாடிய மட்டும் கவனிங்க. இழுக்கும்போது துடிப்பு லேசா நெருங்கும், விடும்போது ஒவ்வொண்ணும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். சின்ன வயசுக்காரங்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இது பளிச்சுன்னு தெரியும், வயசாக ஆக மங்கும். ஜெர்மன்காரர் கார்ல் லுட்விக் 1847லயே இதப் பதிவு பண்ணிட்டாரு. இதுக்குப் பின்னாடி இருக்குறது வேகஸ்னு ஒரு நரம்பு, மூளையோட அடித்தண்டுல கிளம்பி கழுத்து வழியா இறங்கி இதயம், நுரையீரல், குடல்னு எல்லாத்தையும் தொட்டுட்டுப் போறது. இதயத்த நிதானப்படுத்துறது இதோட வேலை. இழுக்கும்போது இதோட கட்டளை கொஞ்சம் தளரும், விடும்போது திரும்ப முழு பலத்தோட வரும். அதனால விடுற நேரம் எவ்ளோ நீளுதோ அவ்ளோ நேரம் இதயம் வேகஸ் சொல்றத கேக்குது.

வேகஸ் எப்படி இதயத்துக்கிட்ட பேசுதுங்கிறத கண்டுபிடிச்ச கதை சுவாரசியமானது. ஆஸ்திரியால ஓட்டோ லோவினு ஒருத்தர், 1921ல ரெண்டு தவளையோட இதயத்த எடுத்து, ஒண்ணுல வேகஸ் நரம்ப தூண்டி விட்டு மெதுவாக்கி, அது ஊறியிருந்த உப்புத் தண்ணிய எடுத்து இன்னொரு இதயத்துல விட்டாரு. அந்த ரெண்டாவது இதயமும் மெதுவாச்சு, நரம்பத் தொடாமலே. அந்தத் தண்ணில ஏதோ ஒரு ரசாயனம் இருக்குன்னு அர்த்தம், அது அசிட்டைல்கோலின்னு பின்னாடி தெரிய வந்துச்சு. இந்த சோதனை அவருக்கு கனவுல வந்துச்சாம், முதல் நாள் ராத்திரி கிறுக்கி வச்சது காலைல படிக்கவே முடியல, மறுநாள் ராத்திரி மறுபடி வந்ததும் நேரா லேபுக்கு ஓடிட்டாருன்னு அவரே சொல்லிருக்காரு. 1936ல நோபல். நாம ஒவ்வொரு தடவை நிதானமா மூச்ச விடும்போதும் இதயத்துல நடக்குறது அதே அசிட்டைல்கோலின் வேலை தான்.

அடுத்த கேள்வி, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? சாதாரணமா பெரியவங்களுக்கு 12ல இருந்து 20 வரைக்கும் இருக்கும். நம்ம ஊர் யோகக் கணக்குல ஒரு நாளைக்கு 21,600 மூச்சுன்னு சொல்லுவாங்களே, அத வகுத்துப் பாத்தா நிமிஷத்துக்கு 15, ஸ்டெதாஸ்கோப்பும் ஸ்டாப்வாட்சும் இல்லாத காலத்துக் கணக்கு இது, அசரத்தான் வேண்டியிருக்கு. ஆனா பயிற்சின்னு வரும்போது ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப வர்ற எண் 6, அதாவது ஒரு மூச்சுக்கு 10 செகண்ட். ஏன் 10? கழுத்துலயும் இதயத்துக்கு மேல இருக்குற பெருந்தமனிலயும் ரத்த அழுத்தத்த கவனிக்கிற உணர்விகள் இருக்கு. அழுத்தம் ஏறுனா இதயத்த மெதுவாக்கச் சொல்லும், இறங்குனா வேகமாக்கச் சொல்லும், ஆனா இந்தச் செய்தி போய் வேலை நடந்து திரும்ப வர்றதுக்கு நேரம் ஆகுறதால ரத்த அழுத்தம் இயல்பாவே ஏறக்குறைய 10 செகண்டுக்கு ஒரு தடவை ஏறி இறங்கிட்டு இருக்கும். மூச்சையும் அதே தாளத்துக்கு கொண்டு வந்தா ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளுற மாதிரி ரெண்டும் ஒண்ணா சேந்து பெருசாகுது, இதயத்துடிப்போட ஏத்த இறக்கம் அகலமாகுது, வேகஸ் நல்லா வேலை செய்யுது.

2001ல இத்தாலியில லூச்சியானோ பெர்னார்டினு ஒரு டாக்டரும் அவர் டீமும் 23 பேர வச்சு ஒரு வேலை பண்ணாங்க. லத்தீன்ல ஜெபமாலை சொல்ல வச்சாங்க, அப்புறம் "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரம் சொல்ல வச்சாங்க. ரெண்டுலயும் மூச்சு தன்னால நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 6க்கு வந்து நின்னுச்சு. ரெண்டு மதம், ரெண்டு மொழி, ஒரே தாளம். சத்தமா ஓதும்போதோ பாடும்போதோ சட்டுன்னு இழுத்து நீளமா விட்டாகணும், வேற வழி இல்ல. நம்ம ஊர்ல தேவாரம் ஓதுறவங்களுக்கும் நாதஸ்வரம் வாசிக்கிறவங்களுக்கும் தொழிலே இந்த நீள விடுதல் தான். திருமந்திரத்துல பிராணாயாமக் கணக்கு 16 மாத்திரை (பழைய நேர அளவு) இழுக்க, 64 நிறுத்த, 32 விடன்னு வரும். அதுல இருக்குற நடு எண்ணப் பாத்து யாரும் முதல் நாளே மூச்சப் புடிச்சுட்டு உக்காந்துறாதீங்க, அது குரு பக்கத்துல இருந்து வருஷக்கணக்குல ஏத்துறது. எனக்கு அதுல கண்ணுல படுறது இழுக்குறத விட விடுறது ரெண்டு மடங்குங்கிற கணக்கு.

இந்த 6 எண்ணிக்கை ஆன்மீகம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. ரொம்ப வருஷம் சுகர் இருக்குறவங்களுக்கு இதயத்துக்குப் போற நரம்பு பழுதாயிருக்கான்னு பாக்க டாக்டருங்க செய்ற ஒரு டெஸ்ட் இருக்கு. ஈசிஜிய மாட்டிவிட்டு நிமிஷத்துக்கு 6ங்கிற கணக்குல ஆழமா மூச்சு விடச் சொல்லுவாங்க. இழுக்குறப்ப இருக்குற துடிப்புக்கும் விடுறப்ப இருக்குறதுக்கும் நடுவுல நிமிஷத்துக்கு 15 துடிப்பு அல்லது அதுக்கு மேல வித்தியாசம் இருந்தா நார்மல், 10க்குள்ள சுருங்கிருச்சுன்னா நரம்பு அடி வாங்கிருக்குன்னு அர்த்தம்.

இதயம் ஒரு பக்கம் இருக்கட்டும், மூளைக்குள்ள என்ன நடக்குது? மூச்சோட தாளத்த உருவாக்குற இடம் மூளைத்தண்டுல இருக்குற சில ஆயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. 1991ல ஜாக் ஃபெல்ட்மேன், ஜெஃப்ரி ஸ்மித் குழு அது தான்னு காட்டுனாங்க. பேரு ப்ரீ-போட்ஸிங்கர் காம்ப்ளக்ஸ். ஏதோ பெரிய விஞ்ஞானி பேருன்னு நெனச்சிருவீங்க, ஜெர்மனில ஒரு மாநாட்டு டின்னர்ல டேபிள் மேல இருந்த ஒயின் பாட்டில் லேபிள பாத்து வச்ச பேரு. 2017ல எலிகள்ல இன்னொரு விஷயம் வந்துச்சு. இந்தக் கொத்துல இருந்து ஒரு சின்ன பிரிவு, 200க்கும் குறைவான அணுக்கள், மூளையில விழிப்பையும் பரபரப்பையும் கெளப்புற லோகஸ் செருலியஸ்ங்கிற இடத்துக்கு நேரா லைன் போட்டு வச்சிருக்கு. அந்த அணுக்கள மட்டும் நீக்கிட்டப்ப எலிங்க மூச்சு விடுறதுல பெரிய கோளாறு இல்ல, ஆனா எப்பவும் பரபரன்னு மோந்துட்டுத் திரியறதுங்க அமைதியா உக்காந்து தன்னைத் தானே நக்கிச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சுருச்சு. மூச்சு வேகமா போனா மூளைக்கு "ஏதோ நடக்குது, முழிச்சுக்க"ன்னு தகவல் போகுது, மெதுவா போனா அந்தத் தகவல் கொறையுது.

தெளிவா யோசிக்கிறதுங்கிற விஷயம் இங்க தான் வருது. லோகஸ் செருலியஸ் கொட்டுற நார்அட்ரினலின்ங்கிற உஷார்படுத்துற ரசாயனம் அளவோட இருந்தா கவனம் கூர்மையாகும், அளவு மீறுனா நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைப் பகுதி மக்கர் பண்ணும், அதான் நாலு விஷயத்த சேத்து வச்சு யோசிக்கிற, வாய் வரைக்கும் வந்த வார்த்தைய நிறுத்துற பகுதி. எக்ஸாம்ல தெரிஞ்ச பதில் மறந்து போறதும், சண்டையில சொல்லக்கூடாதத சொல்லிட்டு ராத்திரி பூரா பொலம்புறதும் அதனால தான். மெதுவா மூச்சு விட்டா அறிவு கூடாதுங்க, ஏற்கனவே இருக்குற அறிவுக்கு குறுக்க நிக்கிற பரபரப்பு கொஞ்சம் விலகும். அத விட அதிகமா யாராச்சும் வாக்கு குடுத்தா, அந்த வீடியோ கடைசில கோர்ஸ் விக்கிறாங்களான்னு பாருங்க.

பெருமூச்சு பத்தி சொல்லாம விட முடியாது. நாம எல்லாருமே நமக்கே தெரியாம சில நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெருமூச்சு விடுறோம், கவலை இருந்தாலும் இல்லைன்னாலும். நுரையீரல்ல கோடிக்கணக்குல இருக்குற காத்துப் பைகள்ல சிலது அப்பப்ப சுருங்கி ஒட்டிக்கும், அத திரும்ப விரிக்க உடம்பு வச்சிருக்குற ஏற்பாடு அது. தேம்பித் தேம்பி அழுத குழந்தை ஓயுற நேரத்துல கவனிச்சிருக்கீங்களா? ஒரு இழுப்பு, அது முடியிறதுக்குள்ள மேல இன்னொரு குட்டி இழுப்பு, அப்புறம் நீளமா ஒரு விடுதல், உடனே தோள் தொய்யும். இதையே பயிற்சியா மாத்தி 2023ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ஒரு மாசம், தினம் 5 நிமிஷம் செய்ய வச்சுப் பாத்தாங்க. கூடவே இழுத்து-நிறுத்தி-விட்டு-நிறுத்துற பாக்ஸ் முறை, வேகமா இழுத்து விடுற முறை, சும்மா தியானம்னு மூணு குரூப். பதட்டம் நாலு குரூப்புலயும் கொறைஞ்சுச்சு. மனசு நல்லாருக்குங்கிற உணர்வு அதிகமா கூடுனது இந்த ரெட்டை இழுப்பு, நீள விடுதல் குரூப்புக்கு.

இதோட நிறுத்திட்டா கட்டுரை அழகா முடிஞ்சுரும், ஆனா அதே 2023ல பிரிட்டன்ல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல வந்த ஒரு முடிவையும் சொல்லித்தான் ஆகணும். சுமார் 400 பேர ரெண்டா பிரிச்சு, தினம் 10 நிமிஷம், 4 வாரம், ஒரு குரூப்புக்கு நிமிஷத்துக்கு 5.5 மூச்சு, இன்னொரு குரூப்புக்கு சாதாரணமா எல்லாரும் விடுற 12 மூச்சு. ரெண்டு குரூப்புக்குமே மனசு தேறுச்சு, நடுவுல வித்தியாசம் எதுவும் இல்ல. அப்ப 6ங்கிற மந்திர எண் பொய்யா? இதயத்துடிப்புல, ரத்த அழுத்தத்துல நடக்குறது நெஜம், அத மெஷின்ல பாக்கலாம். ஆனா நாலு வாரம் கழிச்சு மனசு லேசாகுறதுல எவ்ளோ பங்கு அந்த எண்ணுக்கு, எவ்ளோ பங்கு போன தள்ளி வச்சுட்டு 10 நிமிஷம் ஒரு எடத்துல உக்காந்ததுக்குன்னு பிரிக்கிறது கஷ்டம். என் கணிப்பு, ரெண்டாவதுக்கு நாம குடுக்குற மதிப்பு ரொம்பக் கம்மி. அதனால 5.5ஆ 6ஆன்னு ஆப் வச்சு சண்டை போட்டுட்டு இருக்காம, மெதுவா, விடுறது நீளமா, அவ்ளோ தெரிஞ்சா போதும்.

செய்முறைல ஒரே ஒரு கணக்கு மட்டும் தெரிஞ்சுக்கங்க, தலை சுத்துறது நின்னுரும். சாதாரணமா ஒரு தடவை நாம இழுக்குறது ஏறக்குறைய அரை லிட்டர், 500 மில்லி. அதுல 150 மில்லி மூக்கு, தொண்டை, குழாய்லயே நின்னுரும், காத்துப் பைக்குப் போறது 350 தான். நிமிஷத்துக்கு 12 மூச்சுன்னா 4,200 மில்லி. இப்ப மூச்ச 6ஆ கொறைக்கிறீங்க, அதே 4,200 உள்ள போகணும்னா ஒரு மூச்சுக்கு எவ்ளோ வேணும்? 700 கூட்டல் 150, வெறும் 850 மில்லி. வழக்கமா இழுக்குறதுல ரெண்டு மடங்கு கூட இல்ல, நுரையீரலோட முழு கொள்ளளவுக்கு கிட்டயே போக வேண்டாம். நெஞ்சு விரிஞ்சு தோள் காது வரைக்கும் ஏறுச்சுன்னா ஓவரா இழுக்குறீங்கன்னு அர்த்தம். ஒரு கைய தொப்புளுக்கு மேல வைங்க, அந்தக் கை மட்டும் லேசா மேல வரணும். 4 செகண்ட் இழுங்க, 6 செகண்ட் விடுங்க, மூக்கு வழியாவே. அஞ்சு நிமிஷம் போதும். எண்ணுறது டென்ஷனா இருந்தா எண்ண வேண்டாம், தெரிஞ்ச பாட்டு ஒண்ண மெதுவா முணுமுணுங்க.

வண்டி ஓட்டும்போது கண்ண மூடிட்டு இத செய்யாதீங்கன்னு சொல்லணுமா தெரியல, சொல்லிட்டேன். வேகவேகமா இழுத்து விட்டுட்டு தண்ணிக்குள்ள முங்குற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் டை ஆக்ஸைடு கொறைஞ்சு கெடக்குறதால மூச்சு முட்டுற எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே உள்ளயே மயங்கிருவாங்க, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே அப்படி செத்திருக்காங்க. கர்ப்பிணிங்க, பிபி, இதயம், நுரையீரல் பிரச்சனை இருக்குறவங்க மூச்ச நிறுத்தி வைக்கிற பகுதிய டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க. மூச்ச கவனிக்க ஆரம்பிச்சா பதட்டம் கூடுறவங்களும் இருக்காங்க, அவங்க இத வம்படியா செய்ய வேண்டியதில்ல, நடந்துட்டு வரலாம், பாடலாம். அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ஆஸ்பத்திரில மூணு பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுப்பாங்கல்ல, அது வேற கணக்கு. அங்க படுத்தே கெடந்ததுல ஒட்டிப்போன நுரையீரல விரிக்கணும், அதனால இழுக்குறது தான் அங்க முக்கியம், பந்து மேல ஏறி கொஞ்ச நேரம் நிக்கணும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன எண்ணிக்கைய அப்படியே செய்யுங்க, இந்தக் கட்டுரைய காட்டி அவங்ககிட்ட வாதாடாதீங்க.